யஸ்து நகரத்துத் தாழ்ந்த சுவர்

1974ஆம் ஆண்டு. எனக்கு அப்பொழுது வயது இருபத்தொன்று. பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அலுவலகத்துக்கு எதிர்த்த தெருமுனையில் ஓர் இரானிக் கடை உண்டு. பளிங்குப் பலகை பதித்த வட்ட மேசைகள், வளைந்த முதுகுடைய கறுப்பு மர நாற்காலிகள், கண்ணாடிச் சாடிகளில் பிஸ்கோத்துகள். மாலையில் ஒரு கோப்பைச் சாயாவும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் அங்கேதான் எனக்கு வழக்கம். கல்லாப் பெட்டிக்குப் பின்புறச் சுவரில் மங்கிய புகைப்படம் ஒன்று தொங்கியது. மண்ணிறக் கூரைகளுக்கு மேலே சதுரம் சதுரமாகக் கோபுரங்கள் உயர்ந்து நின்றன. மினாராக்கள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

கடைக்காரர் எழுபதைக் கடந்த முதியவர். எல்லோரும் 'சேட்' என்றே அழைத்தோம். ஒருநாள் அப்படத்தைப் பற்றிக் கேட்டேன். "மினாரா அல்ல பேட்டா, காற்றுப் பிடிக்கும் கோபுரம். எங்கள் ஊர். யஸ்து" என்றார். அந்தப் பெயரை அவர் உச்சரித்த விதத்தில் ஒரு பெருமூச்சு கலந்திருந்தது.

பிறிதொரு மாலை, மழையினால் கடையில் ஆளில்லாத வேளையில், அவர் இன்னொன்றும் சொன்னார். தம் பாட்டனார் கழுதை மீதேறிப் பாலைவனத்தில் செல்லும்போது எதிரே ஒரு முஸ்லிம் வந்தால் உடனே இறங்கி நிற்க வேண்டுமாம். நகரத்தினுள் கழுதை மீதும் அமரக்கூடாதாம். "உன் தலைத் தொப்பியைப் பார்த்ததும் நினைவு வந்தது. நீ நல்ல பிள்ளை, தவறாக எடுத்துக்கொள்ளாதே" என்று முடித்தார்.

நான் தவறாகத்தான் எடுத்துக்கொண்டேன். "எங்கள் மார்க்கத்தில் அப்படி எதுவும் இல்லை. உங்கள் பாட்டனார் மிகைப்படுத்தியிருப்பார்" என்று கூறி, சாயாவுக்குரிய காசை மேசை மீது வைத்துவிட்டு வெளியேறினேன். அதன்பின் அந்தக் கடைக்குள் நான் நுழையவில்லை. 1976இல் ஊர் திரும்பினேன். பல்லாண்டுகள் கழித்து ஒரு திருமணத்துக்காக அந்நகர் சென்றபோது தெருமுனையைத் தேடிப் போனேன். கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை ஒன்று இருந்தது.

இதைச் சொல்லாமல் யஸ்து நகரத்தைப் பற்றி எழுத எனக்கு இயலவில்லை. 2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், துபாயில் பணிபுரியும் என் மூத்த மகன் அழைத்துச் செல்ல, ஈரான் நாட்டைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. இஸ்பஹானின் நீல மாடங்களைக் கண்டு மகிழ்ந்தபின், அங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தரைவழியாகச் சென்று யஸ்து அடைந்தோம். ஷீராஸுக்கு நேரே போய்விடலாம் என்றான் மகன். நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

வடக்கே தஷ்தே கவீர் என்னும் உப்புப் பாலை. கிழக்கே தஷ்தே லூத் என்னும் வெறும் பாலை. இவ்விரண்டின் ஓரத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது யஸ்து. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 60 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. நம் ஊர்ப் பக்கம் ஐப்பசி மாதத்து ஓரிரவில் கொட்டித் தீர்க்கும் மழை அது. கோடையில் வெயில் 40 பாகைக்கு மேல் காயும். ஆறு இல்லை, ஏரி இல்லை. இத்தகைய இடத்தில், சாசானிய மன்னர் காலந்தொட்டு மக்கள் இடையறாது வாழ்ந்து வந்திருக்கிறார்கள். இன்று ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரம் அது.

எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதற்குரிய விடை, நகரை அடைவதற்கு முன்பே வழியில் தென்பட்டது. வெறுமையான நிலத்தில், பெரிய எறும்புப் புற்றுகளைப் போல் வட்ட வட்டமான மண்மேடுகள் வரிசையாகச் சென்றுகொண்டேயிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. வண்டியோட்டி, "கனாத்" என்று ஒரே சொல்லில் விளக்கம் முடித்தார்.

கனாத் என்பது நிலத்தடி வாய்க்கால். நகருக்குத் தென்மேற்கே 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஷீர் கூஹ் மலையில் பனி விழுகிறது. அது உருகி மலையடிவார மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே ஆழமாக ஒரு கிணறு தோண்டி ஊற்றைக் காண்பார்கள். அதற்குத் தாய்க்கிணறு என்று பெயர். பின்னர் ஊர்ப்புறத்திலிருந்து தாய்க்கிணற்றை நோக்கி, ஓர் ஆள் குனிந்து செல்லுமளவு சுரங்கம் குடைந்துகொண்டே போவார்கள். சுரங்கத்தின் சரிவு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். கூடினால் நீர் விரைந்து மண்ணை அரித்துவிடும், குறைந்தால் தேங்கிவிடும். காற்றுக்காகவும் தோண்டிய மண்ணை மேலே ஏற்றவும் இடையிடையே கிணறுகள் இறக்குவார்கள். நான் கண்ட துளைகள் அவையே. எந்திரம் எதுவும் வேண்டாமல், வெயிலில் ஆவியாகாமல், தன் எடையாலேயே நீர் பல காதம் நடந்து ஊருக்குள் வந்து வெளிப்படும். யஸ்து நகரத்து ஸார்ச் கனாத் 70 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. அதன் வழியில் 2,000க்கும் அதிகமான கிணறுகள். அல்கரஜி என்னும் முஸ்லிம் கணித மேதை, கி.பி. 1017ஆம் ஆண்டளவில், மறைந்திருக்கும் நீரை வெளிக்கொணரும் கலையைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். அகழ்போரின்போது மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு யோசனை கூறியவர் பாரசீகரான ஸல்மான் பார்ஸி (ரலி) அல்லவா? மண்ணைத் தோண்டிப் பிழைக்கக் கற்ற நாட்டிலிருந்து வந்தவர் அவர் என்பதை அந்தச் சாலையில்தான் நினைத்துப் பார்த்தேன்.

இவ்வேலையைச் செய்வோர் முகன்னீகள். அவர்களுள் யஸ்து முகன்னீகளுக்கு ஈரான் முழுவதும் பெயருண்டு. எண்ணெய் விளக்கொன்றை ஏந்தி இறங்குவார்கள். விளக்கு மங்கினால் காற்று கெட்டுவிட்டது என்று பொருள். மண் பொலபொலவென்று உதிரும் இடங்களில் சுட்ட மண் வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிச் சுரங்கத்தைத் தாங்குவார்கள். ஆயினும் சரிந்த மண்ணில் புதையுண்டவர்கள் எத்தனையோ பேர். கனாத்துக்கு அவர்கள் இட்ட பெயரே 'கொலைகாரன்' என்பதாம். வேலைக்கு இறங்குமுன் இறைவனை வேண்டிக்கொள்வார்கள். மனம் ஒப்பாத நாளில் எவ்வளவு கூலி தந்தாலும் இறங்கமாட்டார்கள். அவர்கள் அணிவது வெள்ளை ஆடை. இருளில் கண்ணுக்குத் தெரியும் என்பது ஒரு காரணம். மேலே வர முடியாமற் போனால் அதுவே கஃபனாக இருக்கட்டும் என்பது இன்னொரு காரணம் என்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த நீரை எப்படிப் பங்கிட்டார்கள்? நகரில் பழைய வணிகர் மாளிகை ஒன்றை நீர்க் காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு பெரிய பாத்திரத்து நீரின் மீது சிறு செம்புக் கிண்ணம் மிதந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஊசித்துளை. நீர் ஏறி ஏறிக் கிண்ணம் நிறைந்து மூழ்கினால் ஒரு பங்கு முடிந்தது. மடையை அடுத்தவர் வயலுக்குத் திருப்ப வேண்டும். நம் முன்னோர் நாழிகை வட்டில் என்று அழைத்த கருவியேதான்! நாம் நேரம் அறிய வைத்துக்கொண்டதை அவர்கள் நீதி வழங்க வைத்துக்கொண்டார்கள். இதனைக் கவனிக்க மீராப் என்னும் நீர்த்தலைவர் ஒருவர் உண்டு. இரவும் பகலும் கிண்ணத்தின் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காத ஆட்கள் உண்டு. நீர்ப்பங்கு சொத்தாக விற்கப்பட்டது. மக்களுக்கு வாரிசுரிமையாகச் சென்றது. பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் வக்ஃபு செய்யப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டில் இந்நகரில் வாழ்ந்த சையித் ருக்னுத்தீன் அவர்களின் குடும்பத்து வக்ஃபுப் பத்திரம் இன்றும் ஆய்வாளர் போற்றும் ஆவணமாக இருக்கிறது. நம் ஊர்களில் வக்ஃபுச் சொத்துகளின் கதி என்ன என்று முத்தவல்லிகளைக் கேட்டால் தெரியும். அந்த வேதனையை இங்கே கிளறப் போவதில்லை.

பழைய நகரத்துக்குள் நுழைந்தால் நிறம் ஒன்றே: மண்ணின் நிறம். சுடாத செங்கல்லால் எழுப்பி, வைக்கோல் கலந்த மண்சாந்து பூசிய சுவர்கள். சந்துகள் நெளிந்து நெளிந்து செல்கின்றன. இடையிடையே மேலே வளைவுகள் கூரைபோல் கவிந்து நிழல் தருகின்றன. வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி, உள்ளே முற்றத்தை நோக்கி முகம் வைத்திருக்கின்றன. கதவுகளில் இரண்டு தட்டிகள்: ஆண் வந்தால் தட்டக் கனத்த இரும்புத் தண்டு, பெண் வந்தால் தட்ட மெல்லிய வளையம். ஓசையைக் கேட்டே யார் திறக்கப் போவது என்று வீட்டார் முடிவு செய்துகொள்வர். 'இதை நம் வீட்டிலும் வைக்கலாமே' என்று எண்ணினேன். மகன் சிரித்தான்.

கூரைகளுக்கு மேலே நின்றன, நான் பம்பாயில் படத்தில் கண்ட கோபுரங்கள். பாத் என்றால் காற்று. கீர் என்றால் பிடிப்பது. பாத்கீர். உச்சியில் நாற்புறமும் நீண்ட வாய்கள். உள்ளே குறுக்குச் சுவர்களால் பகுக்கப்பட்ட தூம்புகள். வீசும் காற்றை ஒருபுறம் பிடித்து வீட்டுக்குள் இறக்கும். வெப்பக் காற்றை மறுபுறம் வெளியேற்றும். இறங்கிவரும் காற்று நீர்த்தொட்டியின் மீது தவழ்ந்தால் அறை முழுவதும் குளிர்ந்துவிடும். தௌலதாபாத் தோட்டத்து எண்கோணப் பாத்கீர் ஏறத்தாழ 33 மீட்டர் உயரம். பதினெட்டாம் நூற்றாண்டில் யஸ்து ஆளுநர் முஹம்மது தக்கீ கான் அமைத்த தோட்டம் அது. அதன் அடியில் நின்றபோது என் தலைத்துணி அசைந்தது. வெளியே ஓர் இலையும் அசையவில்லை.

இந்நகருக்குத் 'தாருல் இபாதா', வணக்கத்தின் இல்லம், என்றொரு பட்டப்பெயர் உண்டு. 1221இல் மங்கோலியர் மெர்வு, நிஷாப்பூர் போன்ற நகரங்களைச் சுடுகாடாக்கினார்கள். யஸ்தை ஆண்ட அதாபெக்குகள் பணிந்துபோய் நகரைக் காத்தனர். வீரம் என்று யாரும் அதைப் பாடவில்லை. ஆனால் அழிந்த ஊர்களின் அறிஞர்களும் கைவினைஞரும் தப்பி வந்து ஒதுங்க ஓர் இடம் எஞ்சியது. அந்நூற்றாண்டிலேயே இவ்வழி சென்ற மார்க்கோபோலோ இங்கு நெய்த பட்டை வியந்து குறித்திருக்கிறார். அதற்கு ஊர்ப்பெயரையே பெயராக வழங்கினராம். தைமூர் வழிவந்த ஷாருக்கின் ஆட்சியில் ஆளுநராயிருந்த அமீர் சக்மாக், தம் துணைவியாருடன் சேர்ந்து பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அவர் பெயரில் நிற்கிறது.

ஜும்ஆப் பள்ளிவாசலோ பெரும்பாலும் பதினான்காம் நூற்றாண்டின் ஆக்கம். வாயிலின் மீது இரட்டை மினாராக்கள் ஏறத்தாழ 50 மீட்டர் உயர்ந்து, மண்ணிற நகரத்தின் நடுவே நீலமாக நிற்கின்றன. பள்ளியின் அழகை விவரிக்க எனக்குச் சொல் போதாது. என்னைக் கவர்ந்ததோ அதன் முற்றத்துக்கு அடியில் இருப்பது. ஸார்ச் கனாத் அப்பள்ளிக்குக் கீழேதான் செல்கிறது. ஒளுச் செய்ய மக்கள் படிக்கட்டு வழியே நிலத்துக்குள் இறங்கிப் போனார்கள். நான் சென்ற அன்று கதவு பூட்டியிருந்தது. கம்பிகளின் ஊடே படிகளையும் இருளையும் மட்டும் பார்த்தேன். கீழிருந்து ஒரு குளிர் முகத்தில் பட்டது.

மறுநாள் ஜொராஸ்திரியரின் நெருப்பாலயத்துக்குச் சென்றோம். நம் நூல்கள் மஜூஸிகள் என்று குறிப்பிடும் சமயத்தார் இவர்களே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குஜராத் கரைக்குக் குடிபெயர்ந்தவர்கள் பார்ஸிகள். அண்மை நூற்றாண்டுகளில் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து பம்பாய் வந்து சாயாக் கடை வைத்தவர்கள் இரானிகள். ஆலயக் கட்டடம் 1934இல் இந்தியப் பார்ஸிகளின் பொருளுதவியால் எழுந்தது. முன்னே வட்டமான நீர்நிலை; உள்ளே கண்ணாடித் திரைக்கப்பால் வெண்கலக் கலத்தில் நெருப்பு. கி.பி. 470 முதல் அணையாது காக்கப்பட்டு, இடம் மாறி மாறி வந்து சேர்ந்த நெருப்பு என்பது அவர்கள் மரபு. நெருப்பைத் தாங்கள் கடவுளாகக் கொள்வதில்லை, அது ஓர் அடையாளமே என்று வாயிலில் இருந்த பெண்மணி பொறுமையாக விளக்கினார். அந்தக் கேள்வியை அவர் பல்லாயிரம் முறை கேட்டிருப்பார்.

முதியவரின் சொல்லுக்கு இனி நான் வருகிறேன். பயணத்துக்கு முன்பே நூல்களைத் தேடிப் படித்தேன். 1888இல் யஸ்தில் தங்கிய எட்வர்டு பிரவுன் என்னும் ஆங்கிலேய அறிஞர், ஜொராஸ்திரியர் மங்கிய மஞ்சள் ஆடையே அணிய வேண்டியிருந்ததையும், குதிரையேற உரிமையற்றிருந்ததையும் எழுதியிருக்கிறார். 1905இல் நேப்பியர் மால்கம் என்பவர் இந்நகரைப் பற்றி வெளியிட்ட நூலில் பட்டியல் நீளுகிறது. 1890களின் நடுப்பகுதி வரை குடை பிடிக்கத் தடை. மூக்குக் கண்ணாடிக்கும் தடை. வாகனத்தில் செல்வோர் பாலைவனத்திலும் இறங்கி நிற்க வேண்டும். வீட்டுச் சுவர், ஒருவன் கையை உயர்த்தினால் எட்டும் உயரத்துக்கு மேல் இருக்கலாகாது. 1900ஆம் ஆண்டளவு வரை பாத்கீர் கட்டவும் அனுமதியில்லை.

மால்கம் ஒரு கிறித்தவப் பாதிரியார். 'பாதிரியார் எழுதியது அப்படித்தான் இருக்கும்' என்று தள்ளிவிட என் மனம் முதலில் வழி தேடியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் கழுதையிலிருந்து இறங்கிய கதையை நான் பாதிரியார் நூலில் படிப்பதற்கு முன்பே, அதைச் சொல்லிவைத்த பாட்டனாரின் பேரரிடம் கேட்டிருந்தேன். இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஒரே செய்தி.

இது மார்க்கமா? அல்ல. மஜூஸிகளிடமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜிஸ்யா பெற்றுப் பாதுகாப்பளித்தார்கள் என்ற சான்றை ஏற்று உமர் (ரலி) அவர்கள் நடந்தார்கள். உடன்படிக்கைக்குட்பட்டவருக்கு அநீதி செய்வோருக்கு நபிகளார் விடுத்த எச்சரிக்கையை நம் ஆலிம்கள் மிம்பரில் எத்தனை முறை கூறியிருக்கிறார்கள்! ஆகவே 1974இல் நான் அந்த முதியவரிடம் கூறியதில் முதற்பாதி சரி. 'எங்கள் மார்க்கத்தில் இல்லை' என்பது உண்மை. 'உங்கள் பாட்டனார் மிகைப்படுத்தியிருப்பார்' என்றேனே, அதுதான் பொய். மார்க்கத்தில் இல்லாததை மார்க்கத்தார் செய்தார்கள். காற்றைப் பிடிக்கக் கற்ற நகரம், தன் மக்களில் ஒரு சாராருக்குக் காற்றை மறுத்தது. நீரைச் செம்புக் கிண்ணத்தால் துளி பிசகாமல் அளந்தவர்கள், மனிதரை அளக்க வேறு கிண்ணம் வைத்திருந்தார்கள்.

இக்கதையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. பம்பாய்ப் பார்ஸிகள் 1854இல் மானெக்ஜி லிம்ஜி ஹதாரியா என்பவரைத் தம் தூதராக ஈரானுக்கு அனுப்பினார்கள். அவரது நெடிய முயற்சியின் பயனாக 1882இல் மன்னர் நாஸிருத்தீன் ஷா ஜொராஸ்திரியர் மீதிருந்த ஜிஸ்யாவை நீக்கினார். ஏனைய தடைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. அதற்குள் பலர் கப்பலேறிவிட்டனர். இன்று யஸ்திலும் சுற்றூர்களிலும் சில ஆயிரம் பேரே எஞ்சியிருக்கிறார்கள். நகருக்கு வெளியே குன்றுகளின் மீது அவர்களது மௌன கோபுரங்கள் வெறுமையாக நிற்கின்றன. மையித்துகளைப் பறவைகளுக்கு விடும் வழக்கம் அரை நூற்றாண்டுக்கு முன்பே நின்றுபோயிற்று.

நீரின் கதையும் மாறிவிட்டது. எந்திரம் பொருத்திய ஆழ்கிணறுகள் வந்தபின் நிலத்தடி நீர் இறங்கியது. கனாத்துகள் பல வறண்டன. ஓடும் உருக்கும் செய்யும் ஆலைகள் பெருகின. இந்நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு இஸ்பஹானின் ஸாயந்தே ரூத் ஆற்று நீர் குழாய் வழியே இங்கு வருகிறது. ஆறு வறண்டு வயல் காய்ந்த இஸ்பஹான் உழவர்கள் 2013இல் அக்குழாயை உடைத்தார்கள், 2021இலும் உடைத்தார்கள். இவ்வளவு பெரிய குழாய்க்கு மீராப் யார் என்று வண்டியோட்டியைக் கேட்டேன். சிரித்தார், பதில் கூறவில்லை. யுனெஸ்கோ 2016இல் பாரசீகக் கனாத்துகளையும் 2017இல் யஸ்து நகரையும் உலக மரபுச் செல்வங்களாக அறிவித்தது. 2022 ஜூலையில் எதிர்பாராது கொட்டிய மழையில் பழைய நகரத்து மண்வீடுகள் சில கரைந்து சரிந்தன என்று பின்னர் படித்தேன். நீருக்காக ஏங்கிய ஊர் நீராலேயே துன்புற்றது.

புறப்படும் நாள் அஸருக்குப் பின், ஜொராஸ்திரியர் வாழும் பழைய பகுதியில் தனியே நடந்தேன். மகன் விடுதியில் உறங்கிக்கொண்டிருந்தான். சந்தின் ஒரு திருப்பத்தில் பூச்சு உதிர்ந்த பழஞ்சுவர் ஒன்று இருந்தது. பக்கத்துச் சுவர்கள் எல்லாம் உயர்ந்திருக்க, அது மட்டும் தாழ்ந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கையை உயர்த்தினேன். விரல்கள் சுவரின் உச்சியைத் தொட்டன. அப்பால் ஒரு மாதுளை மரத்தின் கிளை தெரிந்தது.

கதவு திறந்தது. மலர் அச்சிட்ட முக்காடணிந்த மூதாட்டி ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் வெட்கிப் போய்க் கையை இறக்கி, "ஹிந்துஸ்தான்" என்றேன். பிறகு என்ன தோன்றிற்றோ, "பம்பாய்" என்றும் சேர்த்தேன். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே சென்று ஒரு குவளை நீர் கொண்டுவந்து தந்தார். ஆங்கிலம் தெரிந்த பேரனை அழைத்து வைத்துக்கொண்டு, பம்பாயில் யாரை எனக்குத் தெரியும் என்று கேட்டார். துறைமுகத்தருகே கடை வைத்திருந்த ஒரு முதியவரைப் பற்றிச் சொன்னேன்; கடையின் பெயரையும் சொன்னேன். சேட் என்றே அழைத்துப் பழகியதால் அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.

மூதாட்டி யோசித்தார். தமக்குத் தெரியவில்லை என்று தலையசைத்தார். இந்தத் தெருவிலிருந்து பம்பாய்க்குப் போனவர்கள் அநேகம் என்றும், கடை என்று சொன்னால் யாரென்று கண்டுபிடிப்பது என்றும் பேரன் மொழிபெயர்த்தான். நான் நீரைக் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பித் தந்தேன்.